காற்றுக்குத் தவிக்கும் என்ஜின்

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து மேற்கே செல்லும் 70-ஆம் எண் நெடுஞ்சாலை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் 1600 மீட்டர் உயரத்திலிருந்து 3400 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. உச்சியில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை. அதற்கு முந்தைய சில கிலோமீட்டர்களில் சாய்வு 6, 7 விழுக்காடு. நூறு மீட்டர் ஓடினால் ஏழு மீட்டர் மேலே போயாக வேண்டும். ராக்கி மலையின் இந்த ஏற்றத்துக்குப் பழைய டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால், அந்த என்ஜினின் பலம், பலவீனம் இரண்டும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு மெர்சிடிஸ் 240டி. 1976-இல் ஜெர்மனியில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு வந்த டபிள்யூ 123 வரிசையின் கார் அது. அந்த வரிசையில் மொத்தம் 27 லட்சத்தை ஒட்டிய கார்கள் தயாராயின. அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. 240டியில் இருப்பது ஓ.எம். 616 என்னும் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின்: 2404 சிசி, அமெரிக்கக் கணக்கில் 62 குதிரைத்திறன். ஜெர்மனியில் டாக்சி ஓட்டுநர்கள் தேடித்தேடி வாங்கிய வண்டி. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் சாக மறுக்கும் கார் என்று பெயர் எடுத்தது. வேகத்துக்காக அதை யாரும் புகழ்ந்ததில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கார் 1400 கிலோ, ஆட்களும் சாமானும் 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 7 விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போக என்ஜின் கிட்டத்தட்ட 38 குதிரைத்திறன் கொடுக்க வேண்டும். அதில் பெரும்பங்கு எடையைத் தூக்குவதற்கே போய்விடும். காற்றுத்தடைக்கும் டயர் உராய்வுக்கும் சிறு பங்குதான். 100 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் 70 குதிரைத்திறன் தேவை. கடற்கரையிலேயே இந்தக் காரிடம் அவ்வளவு கிடையாது. 3400 மீட்டரில் இருப்பதோ இன்னும் குறைவு.

எவ்வளவு குறைவு? இதற்கு விடை காற்றில் இருக்கிறது. 2404 சிசி என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றும்போது விநாடிக்கு ஏறத்தாழ 68 லிட்டர் காற்றை இழுக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. ஆக விநாடிக்கு 82 கிராம் காற்று உள்ளே போகிறது. ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய 14.5 கிராம் காற்று போதும் என்பது வேதியியல் கணக்கு. ஆனால் நடைமுறையில் 20 கிராமாவது வேண்டும், இல்லாவிட்டால் புகைதான். காரணம், நேரமின்மை. 4000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 7.5 மில்லிவிநாடிதான் ஆகிறது. எரிதலின் முக்கியப் பகுதி அதிலும் கால்பங்கு நேரத்துக்குள் நடந்து முடிய வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு டீசல் துளியும் தனக்கான ஆக்சிஜனைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். அதனால் பந்திக்கு வருவோரைவிட இலைகளை அதிகம் போட்டுவைக்கிறோம். 82 கிராம் காற்றுக்கு 4.1 கிராம் டீசல். அதன் ஆற்றலில் கால்வாசி அச்சுக்கு வந்தால் 58 குதிரைத்திறன். கம்பெனி சொல்லும் 62-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

இப்போது அதே 68 லிட்டரை 3400 மீட்டரில் இழுக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு கன மீட்டர் காற்றின் எடை 0.87 கிலோதான். உள்ளே போவது 59 கிராம். அதற்கேற்ப டீசலைக் குறைத்தால் மிஞ்சுவது 44 குதிரைத்திறன் அல்லது அதற்கும் கீழே. மேலே போட்ட கணக்கின்படி அந்த ஏற்றத்தில் காரின் உச்ச வேகம் 70 கி.மீ.க்குள் அடங்கிவிடும்.

‘அதற்கேற்ப டீசலைக் குறைத்தால்’ என்று சொன்னேன் அல்லவா? சிக்கலே அங்கேதான். பெட்ரோல் என்ஜினில் மிதியை அழுத்தினால் காற்றுக்கான கதவு திறக்கும். காற்று குறைந்தால் பெட்ரோல் கலவையையும் ஓரளவு திருத்திக்கொள்ளலாம். டீசலில் அப்படிக் கதவே கிடையாது. காற்று தன் போக்கில் வரும். மிதி பேசுவது டீசலைச் செலுத்தும் பம்போடு மட்டும்தான். பழைய இயந்திர பம்புக்கு மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது, என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டும் தெரியும். கார் எந்த ஊரில் நிற்கிறது என்பது தெரியாது. முழு மிதிக்கு 4.1 கிராம் என்று கடற்கரையில் வைத்துவிட்டால் மலை உச்சியிலும் அதே 4.1 கிராமைக் கொட்டும். 59 கிராம் காற்றுக்கு 4.1 கிராம் டீசல் என்றால் விகிதம் 14.4. துளியும் மிச்சம் இல்லாத கணக்கு. அரைகுறையாக வெந்த டீசல் கரியாகி வெளியே வருவதைத்தான் பின்னால் வருபவர் கரும்புகையாகப் பார்க்கிறார்.

வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போனால் முதலில் கிடைக்கும் வைத்தியம், ‘பம்பைக் கொஞ்சம் ஏத்தி வெச்சிரலாம் சார்’. ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் டீசல் கூடும். சமவெளியில், ஒரு கிலோமீட்டருக்கு, வண்டி பாய்வதுபோலவும் தோன்றும். மலைக்கு இதைவிட மோசமான வைத்தியம் எனக்குத் தெரியாது. ஏற்கெனவே காற்று போதாத இடத்தில் எண்ணெயைக் கூட்டினால், எரிதல் தாமதமாகி, பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதும் தொடரும். அந்தச் சூடு வேலையாக மாறாமல் எக்ஸாஸ்ட் வால்வு வழியே வெளியேறும். பிஸ்டன் தலை, வால்வு, சிலிண்டர் ஹெட் மூன்றும் வேகும். ஏற்றம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அரை மணி நேர ஏற்றத்தில் ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டனோ போய்விடும்.

எனவே பழைய டீசலை மலைக்குத் தயார்செய்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது புதிதாக இருந்தபோது கொடுத்ததை இன்றும் கொடுக்கிறதா என்பது. நாற்பது வயது என்ஜினில் பெரும்பாலும் கொடுப்பதில்லை. இழந்ததை மீட்கும் வேலையில் கவர்ச்சி ஏதுமில்லை, செலவும் அதிகமில்லை. அதனாலேயே பலர் இதைத் தாண்டிப்போய் நேராக டர்போ விலை விசாரிக்கிறார்கள்.

ஓ.எம். 616-இல் வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும்: இன்லெட்டுக்கு 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 0.30. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் ஆழமாக உட்கார்ந்து இந்த இடைவெளி சுருங்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். நல்ல நிலையில் உள்ள சிலிண்டர் 22 முதல் 24 பார் அழுத்தம் காட்டும். 15-க்குக் கீழே போனால் அது முடிந்த கதை. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக்கூடாது. டீசலைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக் அல்ல, நெருக்கப்பட்ட காற்றின் சூடு. காற்றை 21-இல் ஒரு பங்காக நெருக்கும் என்ஜினில் கசிவு சிறிதாக இருந்தாலும் அந்தச் சூடு இறங்கிவிடும். மலைக் காற்று தொடக்கத்திலேயே குளிர்ந்து மெலிந்திருப்பதால், கம்ப்ரஷன் தேய்ந்த என்ஜினுக்கு அங்கே இரட்டை அடி. காலையில் வெள்ளைப்புகை, மதியம் கரும்புகை.

அடுத்தது டைமிங் செயின். பம்பைச் சுழற்றுவது இந்தச் செயின்தான். இணைப்புகள் தேய்ந்து அது நீள நீள, டீசல் பாயும் கணமும் பின்னுக்குப் போகும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 24 பாகை முன்னதாக பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்க வேண்டும் என்பது இந்த என்ஜினின் விதி. சில பாகை தாமதமானாலே இழுவை குறைந்து, எக்ஸாஸ்ட் சூடு ஏறும். பம்ப் டைமிங்கைத் திருத்தினால் இழந்தது திரும்பக் கிடைக்கும். நாசில்கள் 115 பார் அளவில் திறந்து, டீசலைப் பனிபோலத் தெளிக்க வேண்டும். தேய்ந்தவை குழாய்போல ஊற்றும். ஊற்றிய டீசல் எரியாது, கருகும்.

சிரிப்பூட்டும் ஒன்றும் உண்டு. மிதியிலிருந்து பம்ப் வரை போகும் கம்பிகளின் புஷ்கள் தேய்ந்துபோய், மிதியைத் தரையோடு அழுத்தினாலும் பம்பின் கை முழுதாகத் திரும்பாத கார்கள் நிறைய. உரிமையாளர் பத்து ஆண்டுகளாக முக்கால் மிதியில் ஓட்டிக்கொண்டு, என்ஜின் வயதாகிவிட்டது என்று வருந்துவார். ஒரு மணி நேர வேலை, சில ரூபாய் புஷ்.

இதெல்லாம் செய்தபிறகும் கடல்மட்டத்து 62 என்பது மலையில் 44-தான். அதை மாற்ற வேண்டுமென்றால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் காற்று வீணாக்கும் ஆற்றலைக் கொண்டு ஒரு விசிறியைச் சுழற்றி, அதே தண்டில் இருக்கும் மற்றொரு விசிறியால் உள்ளே வரும் காற்றை அழுத்தலாம் என்ற எண்ணத்துக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் டர்போ என்னும் இந்தக் கருவி தன் மதிப்பை உலகுக்குக் காட்டியது ஒரு மலையின் உச்சியில்தான். 1918-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான என்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோனார். 14,109 அடி, அதாவது 4300 மீட்டர் உயரம். விமானம் பறக்கும் உயரத்துக் காற்று வேண்டும், ஆனால் பறந்துகொண்டே அளவெடுக்க வழியில்லை. அதனால் மலை உச்சியே சோதனைக்கூடம் ஆனது. கீழே 350 குதிரைத்திறன் தந்த என்ஜின், உச்சியில் 230-க்குச் சரிந்தது. டர்போவை இணைத்ததும் 356.

பெட்ரோல் விமான என்ஜினுக்கு உதவிய இந்தக் கருவி, டீசலுக்கு இன்னும் பொருத்தமானது. பெட்ரோல் கலவையை அதிகம் அழுத்தினால் காலத்துக்கு முன்பே வெடித்து என்ஜினைத் தட்டும். டீசலில் அழுத்தப்படுவது வெறும் காற்று. எவ்வளவு அழுத்தினாலும் டீசல் வரும்வரை எதுவும் எரியாது. கப்பல்களும் லாரிகளும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைப் பயன்படுத்திக்கொண்டன. கார்கள்தான் தாமதித்தன.

1974-இல் மெர்சிடிஸ், 616-இன் நான்கு சிலிண்டரோடு இன்னொன்றைச் சேர்த்து, 3005 சிசி கொள்ளளவில் ஓ.எம். 617 என்ற ஐந்து சிலிண்டர் என்ஜினை உருவாக்கியது. பயணிகள் கார் ஒன்றில் வந்த முதல் ஐந்து சிலிண்டர் டீசல் அது. 80 குதிரைத்திறன். அதற்கு டர்போவும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் பொருத்தி, சி 111 என்னும் ஆரஞ்சு நிறச் சோதனைக் காரில் வைத்து, 1976-இல் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் ஓட்டினார்கள். 190 குதிரைத்திறன். அறுபது மணி நேரத்துக்கும் மேலாக, சராசரியாக மணிக்கு 250 கி.மீ.க்கு அதிகமான வேகம். டீசல் என்றால் டிராக்டர் என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. இரண்டே ஆண்டில், 1978-இல், 300எஸ்டி என்ற பெயரில் உலகின் முதல் டர்போ டீசல் பயணிகள் கார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சாலைக்கு வந்தபோது 190 என்பது 110 ஆக அடக்கப்பட்டிருந்தது. நீண்ட ஆயுளுக்காக அவர்கள் கொடுத்த விலை அது; அந்த என்ஜின்கள் இன்றும் ஓடுவதைப் பார்த்தால் நல்ல பேரம் என்றே சொல்வேன்.

டர்போவை வெளியே மாட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. பழைய காருக்கு டர்போ வாங்க நினைப்பவர்கள் படிக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அடியிலிருந்து ஆயில் பீய்ச்சும் சிறு குழாய்கள் வைத்தார்கள். பிஸ்டன் தலையின் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டுக்குள் சோடியத்தை நிரப்பினார்கள். சூட்டில் உருகும் சோடியம் உள்ளே குலுங்கி, வால்வுத் தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்தும். கிராங்க்ஷாஃப்டைக் கடினப்படுத்தினார்கள். ஆயில் கூலரைப் பெரிதாக்கினார்கள். எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளியைக்கூட 0.30-லிருந்து 0.35 ஆக்கினார்கள், ஏனென்றால் அதிகச் சூட்டில் அந்த வால்வு அதிகம் நீளும். நாசில் திறக்கும் அழுத்தம் 135 பார் ஆனது. காற்றை 0.7 பார் கூடுதலாக அழுத்த இத்தனை மாற்றம். இவற்றில் ஒன்றும் இல்லாத பழைய 616-இல் வெளியிலிருந்து ஒரு டர்போவை மட்டும் மாட்டலாமா என்றால், மாட்டலாம், மென்மையாக, 0.3 அல்லது 0.4 பார் அளவில், டீசலைக் கூட்டாமல் மாட்டினால் புகை குறைந்து மலையில் இழந்த மூச்சு திரும்பும். அதற்கு மேல் ஆசைப்படுவது பிஸ்டனைப் பணயம் வைப்பது.

பம்பிலும் ஒரு மாற்றம் வந்தது. ‘ஆல்டா’ என்று ஜெர்மன் சுருக்கெழுத்தில் அழைக்கப்படும் சிறு டப்பா ஒன்று பம்பின் தலையில் ஏறியது. காற்று நீக்கிய உலோக உறை ஒன்று அதற்குள் இருக்கிறது. டர்போ அழுத்தம் கூடினால் உறை சுருங்கி, பம்பை அதிக டீசல் விட அனுமதிக்கும். மலையேறிக் காற்றழுத்தம் குறைந்தால் உறை விரிந்து, டீசலைக் கட்டுப்படுத்தும். கணினி இல்லாத காலத்தில் ஒரு தகர உறை ஊரின் உயரத்தை அளந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த பாகம் இது. அதற்கு ஒரு பலவீனமும் உண்டு: டர்போ அழுத்தத்தை அதற்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய் கரியால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஆல்டாவுக்கு டர்போ இருப்பதே தெரியாது, கார் ஆமையாகிவிடும். டர்போ போய்விட்டது என்று பட்டறை சொல்லும் பல கார்களில் போனது இந்தக் குழாயின் அடைப்பு மட்டுமே.

ஆக, 240டி வைத்திருப்பவருக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது: பழைய டர்போ 617-ஐ முழுதாக எடுத்து மாற்றிவிடுவது. இரண்டும் ஒரே குடும்பம். அதே உடல்கட்டில் 300டி என்ற பெயரில் ஐந்து சிலிண்டர் கார் ஏற்கெனவே வந்ததால் இடம் இருக்கிறது. ஆனால் என்ஜினோடு அதன் குடித்தனமும் வர வேண்டும்: மவுண்டிங் கைகள், ஆயில் கூலர், பெரிய ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் குழாய், எடையைத் தாங்கும் முன் ஸ்ப்ரிங்குகள். 240டியின் நான்கு கியர் பெட்டியை வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் ஃப்ளைவீலை ஐந்து சிலிண்டருக்கு ஏற்றபடி பாலன்ஸ் செய்தே பொருத்த வேண்டும். அப்படியே மாட்டினால் அதிர்வு உயிரை வாங்கும். பின் அச்சு விகிதத்தையும் யோசிக்க வேண்டும். 240டிக்கு 3.69, டர்போ 300டிக்கு 3.07. நெடுஞ்சாலைக்கு 3.07 சுகம். மலையிலேயே குடியிருப்பவர் 3.69-ஐ விட்டுவைப்பது நல்லது.

இப்படி மாற்றிய காரைத் திரும்ப ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குக் கொண்டுபோவோம். டர்போ இருந்தால் மலையில் திறனே குறையாது என்று பலர் சொல்வார்கள். மாஸின் 356-ஐ நினைத்துச் சொல்வது. அவருடைய டர்போ உயரத்தில் கடல்மட்ட அழுத்தத்தை மீட்பதற்கென்றே அமைக்கப்பட்டது. காரின் டர்போவில் அழுத்தத்துக்கு வரம்பு கட்டும் வேஸ்ட்கேட் என்ற வால்வு வேறு விதம்: சுற்றியிருக்கும் காற்றைவிட 0.7 பார் அதிகமானதும் அது திறந்துகொள்ளும். கடற்கரையில் 1.0 பாரோடு 0.7 சேர்ந்து 1.7. சுரங்க வாயிலில் 0.66-ஓடு 0.7 சேர்ந்து 1.36. அதோடு, மெலிந்த காற்றை இரு மடங்குக்கு மேல் நெருக்க வேண்டியிருப்பதால் சூடும் அதிகம்: 10 பாகை செல்சியஸில் நுழையும் காற்று நூறு பாகையில் வெளியே வரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எல்லாம் கழித்துப் பார்த்தால் கன மீட்டருக்கு 1.26 கிலோ. கடற்கரையில் இதே டர்போ தந்தது 1.65. ஆக, விழுக்காட்டில் பார்த்தால் டர்போ என்ஜினும் கிட்டத்தட்ட கால்வாசியை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த 1.26-ஐக் கவனியுங்கள்: டர்போ இல்லாத என்ஜினுக்குக் கடற்கரையில் கிடைக்கும் 1.2-ஐவிட அது அதிகம். மூன்று லிட்டர் என்ஜின் ஒன்று 3400 மீட்டர் உயரத்தில் கடலோரக் காற்றைச் சுவாசிக்கிறது.

அந்த நூறு பாகைக் காற்றை இன்டர்கூலர் வழியே விட்டு ஐம்பதுக்கு இறக்கினால் அடர்த்தி இன்னும் 16 விழுக்காடு கூடும். 300எஸ்டி போன்ற அந்தக் காலத்து மெர்சிடிஸ் டீசல் கார்களில் இன்டர்கூலர் இல்லை. இன்று மாற்றம் செய்பவர் ஒரே ஒரு கூடுதல் பாகம் மட்டும் வாங்கக்கூடுமானால் இதையே வாங்கச் சொல்வேன். காற்றைக் கூட்டுகிறது, எரிதலின் சூட்டைக் குறைக்கிறது. டீசலைக் கூட்டாதவரை அதில் ஆபத்தே இல்லை. அதற்கு அடுத்தபடியாக, டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் மீட்டர். நீண்ட ஏற்றத்தில் 700 பாகையை நெருங்கினால் காலை எடுக்க வேண்டும். தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் பல நிமிடம் தாமதித்துப் பேசும். இந்த முள் உடனே பேசும்.

தண்ணீரும் மலையில் மாறிவிடுகிறது. 3400 மீட்டரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 89 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் 114 பாகை வரை தாங்கும். மூடியின் ரப்பர் செத்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கும் 80 பாகைக்கும் கொதிநிலைக்கும் நடுவே ஒன்பதே பாகை. மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்து வாங்கிக்கொள்ளும் சூடும் குறைவு. மலைக்கு முன் புது மூடி ஒன்று வாங்குவதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

இந்த 616 குடும்பத்துக்கு நம் ஊரிலும் உறவு உண்டு. புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் மெர்சிடிஸ் உரிமம் பெற்று இதே என்ஜினை இந்தியாவில் தயாரித்தது. டெம்போ டிராவலர் வேன்களிலும் டிராக்ஸ் ஜீப்புகளிலும் அது மலையேறியது. ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று 2005-இல் பெயர் மாறிய அந்த நிறுவனம், என்ஜினை 2596 சிசியாக வளர்த்து, நேரடி டீசல் உட்செலுத்தல், டர்போ, இன்டர்கூலர், பிறகு காமன் ரெயில் என்று படிப்படியாக மாற்றியது. மேட்டுப்பாளையத்திலிருந்து 2240 மீட்டர் உயர ஊட்டிக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் டிராவலர்களின் வம்சாவளி இப்படி ஸ்டுட்கார்ட் டாக்சியில் தொடங்குகிறது. கொலராடோ உரிமையாளர் தன் கேரேஜில் தேடும் விடையை ஒரு தொழிற்சாலை முப்பது ஆண்டுகளில் முறையாகக் கண்டடைந்தது என்று சொல்லலாம். தனி ஆள் இங்கே அதைச் செய்ய நினைத்தால் சட்டம் குறுக்கே நிற்கும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. என்ஜினை வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிப்பது புத்திசாலித்தனம்.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இறங்க வேண்டாமா? 1700 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல், ஆறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்கப் போதுமானது. அவ்வளவும் பிரேக்கிலோ என்ஜினிலோதான் போய்ச் சேர வேண்டும். இந்த இடத்தில் டீசல் கொஞ்சம் ஏமாற்றும். பெட்ரோல் என்ஜினில் மிதியை விட்டதும் காற்றுக் கதவு மூடி, பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுபடுவதால் வண்டி அடங்கும். கதவில்லாத டீசலில் அந்தப் பிடி இல்லை. நெருக்கிய காற்று திரும்ப விரிந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பிஸ்டனிடமே கொடுத்துவிடுகிறது. மிஞ்சும் உராய்வையும் கசிவையும் நம்பித்தான் இறங்க வேண்டும். அமெரிக்க டீசல் என்ஜின் தயாரிப்பாளர் கிளெசி கம்மின்ஸ் இதை 1931-இல் நேரில் அனுபவித்தார். தன் டீசல் என்ஜினைப் பிரபலப்படுத்த நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு லாரியில் போனபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் செயலிழந்தது. அடிவாரத்தில் ரயில் பாதை. குறுக்கே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்துபோனதால் உயிர் பிழைத்தார். நெருக்கிய காற்றைப் பிஸ்டன் உச்சிக்கு வரும்போதே வெளியேற்றிவிட்டால், அது திரும்பத் தள்ளாது. என்ஜினே பிரேக் ஆகிவிடும் என்ற யோசனையை அவர் பின்னாளில் வடிவமைத்தார். ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. லாரிகள் இறக்கத்தில் படபடவென்று வெடிக்கும் சத்தம் அதனுடையதுதான்.

கார்களுக்கு அது வரவில்லை. பழைய டீசல் கார்க்காரருக்கு இருப்பது கீழ் கியர் மட்டுமே. 3.07 அச்சு போட்டவர் 3.69-ஐவிட ஒரு கியர் கீழே இறங்கி ஓட்டப் பழக வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் வரும்படி எச்சரிப்பதும் இதற்காகத்தான். டீசலில் வெற்றிடம் இல்லாததால் பிரேக் பூஸ்டருக்கென்று என்ஜினில் தனி வேக்குவம் பம்ப் இருக்கிறது. பூஸ்டர் உதவுவது வெளிக்காற்றின் அழுத்தத்தால். காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்த சுரங்க வாயிலில் அந்த உதவியும் அதே அளவு குறையும். அங்கே பிரேக் மிதி கெட்டியாகத் தெரிவதில் பழுது ஏதுமில்லை. வேக்குவம் பம்பின் சவ்வு கிழிந்திருந்தால்தான் பழுது. என்ஜினை மாற்றும் நாளிலேயே, அது கழற்றிக் கிடக்கும்போதே, அந்தப் பம்பையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.